பெராக்சைடு விளைவு எல்லா ஹைட்ரஜன் ஹாலைடுக்கும் கிடையாது

மேலே ஒருவர், பெராக்சைடு சேர்த்தால் ஹைட்ரஜன் குளோரைடு, புரோமைடு, அயோடைடு மூன்றுமே புரோப்பீனுடன் மார்கோவ்னிகாஃப் விதிக்கு (ஹைட்ரஜன், ஏற்கெனவே அதிக ஹைட்ரஜன் உள்ள இரட்டைப் பிணைப்புக் கார்பனில் போய்ச் சேரும் என்ற விதி) எதிராகச் சேரும் என்று எழுதியிருக்கிறார், அதை நிறைய பேர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியில்லைங்க. 1933இல் வேதியியலாளர்கள் கராஷும் மேயோவும் விளக்கிய இந்த விளைவு நடைமுறையில் ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும்தான், அதில்தான் 1-புரோமோபுரோப்பேன் முதன்மை விளைபொருளாக வரும்.

நம்ப வேண்டாம், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பெராக்சைடு தொடங்கிவைக்கும் தனி உறுப்புச் சங்கிலியில் (தனி உறுப்பு என்றால் இணை சேராத எலக்ட்ரான் உள்ள அணு அல்லது தொகுதி) இரண்டு படிகள்: ஹாலஜன் அணு இரட்டைப் பிணைப்பில் சேர்வது ஒன்று, அப்படி உருவான கார்பன் தனி உறுப்பு அடுத்த மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறிப்பது இன்னொன்று. இரண்டுமே வெப்பம் உமிழ்ந்தால்தான் சங்கிலி ஓடும். புத்தகத்தின் பிணைப்பு ஆற்றல் அட்டவணையில் ஹைட்ரஜன்-குளோரின் 431, ஹைட்ரஜன்-புரோமின் 366 கிலோஜூல்/மோல் என்று இருக்கும். இங்கே புதிதாக உருவாகும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்போ சுமார் 410தான். ஹைட்ரஜன்-குளோரினை உடைக்க அதைவிட அதிகம் செலவாகும், ஆக குளோரைடு இரண்டாவது படியிலேயே நின்றுவிடுகிறது. அயோடைடுக்கு அந்தப் படி எளிது (ஹைட்ரஜன்-அயோடின் 299தான்), ஆனால் கார்பன்-அயோடின் பிணைப்பு பலவீனமானது என்பதால் முதல் படியே வெப்பம் கேட்கிறது. தேர்வு எழுதப்போகிறவர்கள் முக்கியமாக இந்த இரண்டு படிகளையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.