மட்டாஞ்சேரியோடு திரும்பி விடாதீர்கள்

கொச்சி போய்வரும் நண்பர்கள் போடும் படங்களில் வரிசை மாறவே மாறாது. சீன வலை, ஃபோர்ட் கொச்சியில் ஒரு பெரிய மரம், அப்புறம் மட்டாஞ்சேரியின் யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் கடை வாசலில் ஒரு செல்ஃபி. தெருக்கோடியில் இருக்கும் பரதேசி ஜெபாலயத்துக்குள் (வெளிதேசத்திலிருந்து வந்த யூதர்களின் தொழுகை இடம்) கால் மணி நேரம். வெளியே வந்து மிளகும் ஏலக்காயும் வாங்கிக்கொண்டு, "கேரள யூதர்களையும் பார்த்தாச்சு" என்று எழுதி முடித்துவிடுவார்கள். எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அவர்கள் பார்த்தது கேரள யூதர்களிலேயே பிந்தி வந்த, எண்ணிக்கையில் சிறிய, வசதியான ஒரு பிரிவின் ஆலயம் மட்டும்தான். மீதிக் கதை பறவூரிலும் சேந்தமங்கலத்திலும் மாளாவிலும் கிடக்கிறது. அங்கே போகும் பஸ்ஸில் யாரும் ஏறுவதில்லை.

மட்டாஞ்சேரியைக் குறைத்துச் சொல்லவில்லை. 1568இல் கட்டிய ஆலயம் அது. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களுக்குக் கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். அரண்மனைக் கோயிலுக்கும் ஜெபாலயத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். 1662இல் போர்த்துகீசியர்கள் அதைத் தாக்கிச் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபின் மறுபடி எழுந்தது. நம் கோயில்களைப் போலவே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரை முழுக்க நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள். எசக்கியேல் ரஹாபி என்ற பெருவணிகர் 18ஆம் நூற்றாண்டில் வரவழைத்தவை. "ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது சார்" என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அவசரப்படாமல் ஓரமாக உட்கார்ந்து குனிந்து பாருங்கள். சில வடிவங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கையால் தீட்டியது என்பதால் ஒரு ஓட்டில் கிளை தடித்திருக்கும், இன்னொன்றில் நீலம் கசிந்து மங்கியிருக்கும். எனக்கு வழிகாட்டியின் கதையைவிட இந்தக் கசிவுதான் பிடித்திருந்தது. ஒரே படத்தை நாள் முழுக்கப் போட்டுச் சலித்த ஒரு கை தெரிகிறது பாருங்கள்.

ஆனால் இந்த ஆலயத்தைக் கட்டியவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கேரளத்தில் யூதர்கள் இருந்தார்கள். கொல்லத்தில் ஒரு கிறிஸ்தவ தேவாலயத்துக்குக் கொடுத்த 849ஆம் ஆண்டு தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலேயே யூதர்கள் எபிரேய எழுத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். 1000ஆம் ஆண்டு வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும் 72 சிறப்புரிமைகளையும் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து. பகல்விளக்கு, குடை, தோரணம் என்று அதில் வரும் சொற்களைப் படித்துக் காட்டினால் நமக்கு உரை தேவைப்படாது. மலையாளம் தனி மொழியாகப் பிரிந்துகொண்டிருந்த காலத்து ஆவணம் அது. நம் வீட்டுப் பத்திரம் பக்கத்து வீட்டு அலமாரியில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்தப் பழைய குடிகளின் வழியில் வந்தவர்கள்தான் மலபாரி யூதர்கள். எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா என்று ஊருக்கு ஊர் ஜெபாலயம் வைத்திருந்தவர்களும் அவர்கள்தான். பின்னால் வந்த பரதேசிகள் தங்களை "வெள்ளை யூதர்" என்றும் இவர்களைக் "கறுப்பு யூதர்" என்றும் பிரித்துக்கொண்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது கிடையாது. பரதேசிகளுக்குள்ளேயே அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வாரிசுகள் என்று ஒரு கூட்டம். அவர்களுக்கு ஜெபாலயத்துக்குள் சம இடம் இல்லை. நீங்கள் ரசித்துப் படமெடுக்கத் துடிக்கும் அந்தச் சீன ஓட்டுத் தரையில், யார் எங்கே உட்காரலாம் என்று சட்டம் இருந்தது. ஜாதி என்று வந்துவிட்டால் நம் மண் யாரையும் விட்டுவைப்பதில்லை.

அதை எதிர்த்து நின்றவர் ஏ.பி. சேலம் (அவர் பெயருக்கும் நம் சேலத்துக்கும் சம்பந்தமில்லை). வழக்கறிஞர், காங்கிரஸ்காரர், அந்த விடுவிக்கப்பட்டோர் குடும்பத்தில் பிறந்தவர். "யூத காந்தி" என்றே அழைத்தார்கள். ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்து, வருடக்கணக்கில் இழுத்துப்பிடித்து, அந்தத் தடைகளை ஒவ்வொன்றாக உடைத்தார். 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க உரிமை கேட்டுப் போராட்டம் நடந்ததும், பெரியார் அங்கே போய்ச் சிறை புகுந்ததும் நமக்கு மனப்பாடம். அங்கிருந்து கொச்சி கூப்பிடு தூரம்தான். அதே தலைமுறையில் அங்கே ஒரு யூதர் இதே சண்டையைத் தன் சொந்த ஆலயத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தார் என்பது ஏனோ இங்கே பேசப்படுவதில்லை.

சரி, பறவூருக்கு வருகிறேன். எர்ணாகுளத்திலிருந்து வட பறவூருக்கு பஸ் நிறைய உண்டு. இறங்கி ஆட்டோக்காரரிடம் "ஜூதப்பள்ளி" (ஜெபாலயத்துக்கு மலையாளப் பெயர்) என்று கேளுங்கள், மியூசியம் என்று சொல்லிக் குழப்பாதீர்கள். 1616இல் எழுந்தது என்கிறார்கள். கட்டிய டேவிட் காஸ்தியேல், கொச்சி ராஜாவிடம் முதலியார் பட்டம் பெற்ற யூதத் தலைவர்களில் ஒருவர். ஆமாம், முதலியார்தான். தெருவிலிருந்து பார்த்தால் ஏதோ பெரிய தறவாட்டு வீட்டின் படிப்புரை (வாசல் கட்டடம்) போல இருக்கும். அதைத் தாண்டினால் தூண் வரிசைக்கு நடுவே நீளமான நடை. வெயில் காலத்திலும் அந்த நடையில் காற்று வரும். கடைசியில்தான் தொழுகை அறை.

உள்ளே நிமிர்ந்து மாடியைப் பாருங்கள். கேரள ஜெபாலயங்களுக்கே உரிய ஒரு ஏற்பாடு அங்கே இருக்கிறது. யூத வேதமான தோராவை வாசிக்கும் மேடை மற்ற ஊர்களில் ஒன்றுதான் இருக்கும், கூடத்தின் நடுவே. இங்கே மாடியிலும் ஒன்று. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் தோராச் சுருளை மேலே எடுத்துப் போய் வாசிப்பார்களாம். அந்த மாடி மேடைக்கு நேர் பின்னால் மரச் சல்லடைத் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் பெண்கள் அமரும் இடம். அவர்கள் ஏறி வரத் தனிப் படிக்கட்டு. பெண்களை மறைவில்தான் வைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் வேதம் வாசிப்பவரின் குரல் முதலில் போய்ச் சேர்ந்தது அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான். கேரள யூதப் பெண்கள் மலையாளத்திலேயே பாட்டுக் கட்டிப் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக்கொண்டு வந்தவர்கள். கல்யாணப் பாட்டு, விவிலியக் கதைப் பாட்டு, தங்கள் ஜெபாலயத்தைப் பற்றிய பாட்டு எல்லாம் அதில் உண்டு. மாடியில் அந்த மரச் சல்லடைக்குப் பின்னால் நின்று கீழே பார்த்தபோது அந்தப் பாட்டு நோட்டுகள்தான் என் நினைவில் வந்தன.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். பறவூரில் இப்போது நிற்கும், தோராச் சுருள் வைக்கும் பேழையும் மேடையும் அசல் இல்லை. அசல் 1990களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டது. கேரள அரசின் முசிறி பாரம்பரியத் திட்டத்தில் கட்டடத்தைச் சீரமைத்தபோது நகல் செய்து வைத்தார்கள்.

இதைச் சொன்னால் உடனே "நம்ம சொத்தைக் கொண்டுபோய்ட்டாங்களே" என்று பொங்குகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெபாலயத்தைக் காட்ட வேண்டும். மலபாரி யூதர்களுடையது. அதன் செதுக்கு மரவேலை, மேற்கூரை எல்லாவற்றையும் பெயர்த்துக் கொண்டுபோய் ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் பொருத்தியிருக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் மிச்சமிருந்த சுவர் கயிற்றுக் கிடங்காகக் கிடந்து, கேட்பாரில்லாமல், 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பரதேசி ஜெபாலயத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். இங்கே சுற்றுலாக் கூட்டம் வரிசையில் நின்றது, அங்கே சுவர் சரிந்தது. கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று என்றுதான் நான் சொல்வேன்.

சேந்தமங்கலம் பறவூரிலிருந்து சில கிலோமீட்டர். கைத்தறிக்குப் பேர்போன ஊர். கோயில், சர்ச், மசூதி, ஜெபாலயம் நான்கும் ஒன்றின் சத்தம் மற்றொன்றுக்குக் கேட்கும் தூரத்தில் இருக்கும் இடம் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஜெபாலயத்தின் முன்னால் ஒரு கல் நிற்கிறது. 1269இல் இறந்த சாரா என்ற பெண்ணின் கல்லறைக் கல். தகப்பன் பெயர் இஸ்ரேல். இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லறைக் கல்வெட்டுகளில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். மதுரையில் பாண்டியர்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. இவ்வளவு பழைய கல் வேறு ஊரில் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டிருப்பார்கள். இங்கே வாசலில் வெயிலும் மழையும் படுகிறது. எழுத்து தேய்ந்துகொண்டே போகிறது. குறைந்தபட்சம் ஒரு கூரையாவது போடுங்கள் அய்யா.

கல்லறை என்றதும் மட்டாஞ்சேரியில் இருக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெஹேமியா மோட்டா என்ற யூத ஞானியின் சமாதி, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. வீடுகளுக்கு நடுவே ஒரு சந்தில் இருக்கிறது. சுற்றி இருந்த கல்லறைத் தோட்டம் போய்விட்டது. இது மட்டும் தப்பியது. எப்படி என்றால், அக்கம்பக்கத்து இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வேண்டுதல் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். தொல்லியல் சட்டத்தைவிட நேர்த்திக்கடன் பலமான காவல் என்பது இந்த நாட்டில் எல்லா ஊரிலும் பார்க்கக்கூடியதுதான்.

மாளாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நான் சொல்ல வந்ததே மாளாவைத்தான்.

1950களின் நடுவில் கேரள யூதர்கள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குக் கிளம்பினார்கள். யாரும் விரட்டவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர், பெரும்பாலும் சிறு வியாபாரம் செய்தவர்கள், பிரார்த்தனையில் சொல்லிச் சொல்லி வந்த ஊருக்குப் போகலாம் என்றதும் போனார்கள். மாளா யூதர்கள் கிளம்பும்போது ஒரு வேலை செய்தார்கள். 1955 ஜனவரியில் தங்கள் ஜெபாலயத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் எழுதி ஒப்படைத்தார்கள். பாதுகாக்க வேண்டும் என்பது நிபந்தனை. விற்றிருக்கலாம். விற்கவில்லை. ஊரை நம்பினார்கள்.

இன்று அந்தக் கல்லறைத் தோட்டத்தில் பார்க்கக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய கல்லறைகள். நிலத்தின் ஒரு பகுதியில் விளையாட்டு மைதானம் வந்துவிட்டது. உள்ளூரிலேயே பாரம்பரிய ஆர்வலர்கள் வருடக்கணக்கில் எதிர்த்துப் போராடினார்கள். யூதர்களே இல்லாத ஊரில் யூதர் கல்லறைக்காகப் போராடியவர்கள் அவர்கள். ஓட்டும் கிடையாது, காசும் கிடையாது. அவர்களுக்கு ஒரு கும்பிடு. விளையாட இடம் வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இடம் தேடும்போது முதலில் கண்ணில் படுவது கேட்க ஆளில்லாதவன் சமாதியாகவே இருப்பது எப்படி?

"யூதர்களை ஒருபோதும் துன்புறுத்தாத நாடு இந்தியா" என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். 2017இல் பிரதமர் இஸ்ரேல் போனபோது ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த அந்தச் செப்பேட்டின் நகலைப் பரிசாகக் கொண்டுபோனார். போர்த்துகீசியர் செய்ததை அவர்கள் கணக்கில் எழுதிவிட்டால், அந்தப் பெருமை பெருமளவு நியாயம்தான். ஆனால் அது சேர ராஜாவும் கொச்சி ராஜாவும் சம்பாதித்த பெயர். நம் தலைமுறையிடம் கேட்கப்பட்டது மிகச் சின்ன விஷயம்: நாங்கள் இல்லாதபோது இந்தக் கல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். நகலைப் பரிசளிப்பது சுலபம்.

இதற்குக் கீழே காசாவைப் பற்றிக் கேட்பீர்கள், தெரியும். அங்கே நடப்பது பற்றி எனக்கும் கடுமையான கருத்து உண்டு, அதைத் தனியாக எழுதியும் இருக்கிறேன். அதற்கும் 1269இல் செத்துப்போன சாராவுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

சென்னைக்காரர்கள் "அது கேரளா பிரச்சினை" என்று ஒதுங்கவும் முடியாது. 17ஆம் நூற்றாண்டில் வைரத்துக்கும் பவளத்துக்குமாக மதராஸுக்கு வந்த யூத வணிகர்கள் உண்டு. முத்தியால்பேட்டையில் பவளக்காரத் தெரு இன்னும் இருக்கிறது. லாயிட்ஸ் சாலைப் பக்கம் ஒரு சின்ன யூதக் கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

போகிறவர்களுக்காகச் சில விஷயங்கள். பரதேசி ஜெபாலயம் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேலும் நம்ப வேண்டாம். மட்டாஞ்சேரியைக் காலையில் முடித்துக்கொண்டு பறவூர், சேந்தமங்கலம் போய்விட்டு அதே நாளில் திரும்பிவிடலாம். மாளா திருச்சூர் மாவட்டம், அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். அங்கே ஜெபாலயத்தைப் பார்த்ததோடு திரும்பாமல் கல்லறைத் தோட்டத்துக்கு வழி கேட்டுப் போங்கள். பஞ்சாயத்து ஆபீஸில் யாராவது கண்ணில் பட்டால், 1955 ஒப்பந்தத்தின் நகல் ஒன்றைத் தோட்டத்து வாசலில் மலையாளத்தில் எழுதி மாட்டக் கூடாதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். வெளியூர்க்காரர்கள் அடிக்கடி வந்து கேட்டால் கொஞ்சமாவது உறைக்கும்.