மூச்சை 10 வினாடி அடக்கினால் நுரையீரல் நலமா?

"10 வினாடி இருமாமல் மூச்சை அடக்க முடிந்தால் நுரையீரலில் ஒரு வருத்தமும் இல்லை" என்ற வட்ஸ்அப் செய்தி மட்டக்களப்புக் குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. 2020 இல் கொரோனாவுக்குச் சொன்ன அதே கதைதான், நோயின் பெயர் மட்டும் நாட்பட்ட மூச்சடைப்பு நோய் (COPD) என்று மாறியிருக்கிறது. அப்போதும் பிழை, இப்போதும் பிழை.

நாட்பட்ட மூச்சடைப்பு நோயில் சிக்கல் காற்றை உள்ளே வைத்திருப்பதில் இல்லை, வேகமாக வெளியே விடுவதில். அதனால்தான் வெளியே விடும் காற்றின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில் ஊதச் சொல்கிறார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின், ஊதிய மொத்தக் காற்றில் முதல் 1 வினாடியில் வந்த பங்கு 0.70 க்குக் குறைந்தால், அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்து நோயை உறுதி செய்வார்கள். ஆரம்பக் கட்டத்தில் உள்ள ஒருவர் 10 என்ன, 20 வினாடிகூட அடக்கிவிடலாம்.

செய்திக்கு ஒரு வாலும் உண்டு: "சிகரெட் குடிக்காதவருக்கு இது வராது." எனக்கு இதுதான் கூடுதல் கவலை. புகை அடைத்த குசினியில் 30 வருடம் விறகடுப்பு ஊதிய அம்மம்மாவுக்கும் வரலாம். அவர் அதை 'முட்டு' (மூச்சிழுப்பு) என்று சொல்லி ஆவி பிடித்துக்கொண்டிருப்பார். வயது, புகை, விடாத இருமல், சளி, கல்லடிப் பாலத்தை நடந்து கடக்கையில் இளைப்பு எனக் கேட்டு, ஊதும் காற்றின் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ குழாயில் ஒருதரம் ஊதவும் வைத்தால், யாரை ஸ்பைரோமெட்ரிக்கு அனுப்புவது என்று பக்கத்துக் கிளினிக் டாக்டரே ஓரளவு கணித்துவிடலாம்.