ரயில் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும் என்று பத்து நிமிடம் முன்னால் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

என் வீட்டுக்காரர் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். விடுதி வரவேற்பறையில் கேட்டு வாங்கிவந்த ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி முழங்காலில் வைத்திருக்கிறேன். நாளைக்குப் போக வேண்டிய இடத்துக்குப் போவோமா என்று தெரியாது. அவர் தூங்கிவிட்டார், எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம்தான் வருகிறது.

காலையில் நடந்தது இது. லண்டனின் பெரிய நிலையம் ஒன்றில், வடக்கே போகும் ரயிலுக்கு 40 நிமிடம் முன்பே போய் நின்றுவிட்டோம். டிக்கெட் இருக்கிறது, இருக்கை எண் இருக்கிறது, கையில் சாப்பாடும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான், பிளாட்பார எண். பலகையில் எங்கள் ரயிலின் பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, எண் வர வேண்டிய இடம் மட்டும் காலி. எங்களைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் கழுத்தை நிமிர்த்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உட்கார இடமில்லை. உட்கார்ந்தால் பலகை தெரியாது.

புறப்பட எட்டு நிமிடம் இருக்கும்போது எண் வந்தது. வந்த நொடியில் மொத்தக் கூட்டமும் ஒரே வாசலுக்குப் பாய்ந்தது. சக்கரம் வைத்த பெட்டி ஒன்று என் பாதத்தின் மேல் ஏறிப் போனது. இவருக்கு வயது 71. மூன்று வருடத்துக்கு முன்னால் வலது முழங்காலில் மாற்று மூட்டு வைத்தது. நாங்கள் ஏற வேண்டிய பெட்டி ரயிலின் அந்தக் கோடியில். கதவு இரண்டு நிமிடம் முன்பே மூடப்படும் என்று ஒலிபெருக்கி திரும்பத் திரும்பச் சொல்கிறது. "நீ முன்னால போய் ஏறு, நான் வந்துடறேன்" என்கிறார் இவர். "விட்டுட்டு எப்படிங்க போவேன்?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பாதி பிளாட்பாரத்தில் அவர் கால் மடங்கியது. பின்னால் வந்த ஒரு சின்னப் பெண் தோளைப் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் தலை தரையில் மோதியிருக்கும். அந்தப் பெண் யாரோ, நல்லா இருக்கணும்.

அந்த ரயில் எந்தப் பிளாட்பாரத்துக்கு வரும் என்பது அங்கே வேலை செய்பவர்களுக்கு முன்னாலேயே தெரியாதா? தெரியும்! வண்டிகளை எந்தப் பிளாட்பாரத்தில் விடுவது என்று திட்டம் போட்டுத்தான் ஒரு நிலையமே நடக்கிறது. ரயிலில் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பையன் கைபேசியில் காட்டினான். ரயில் நேரங்களை அப்படியே காட்டும் ரியல்டைம் டிரெயின்ஸ் என்ற இணையதளம் இருக்கிறது. அதில் திட்டமிட்ட பிளாட்பார எண்ணும் போட்டிருக்கிறது. ரயில் மேல் பைத்தியமாக இருப்பவர்களுக்கெல்லாம் இது பழைய விஷயமாம். "நான் எப்பவும் இதைப் பார்த்துட்டு முன்னாடியே பக்கத்துல போய் நின்னுடுவேன்" என்றான் ஆங்கிலத்தில். விவரம் தெரிந்த 20 வயதுப் பையன் நிதானமாக நடந்து போகிறான். முழங்கால் மாற்றிய 71 வயதுக்காரர் ஓடுகிறார்.

கடைசி நேரத்தில் பிளாட்பாரம் மாறலாம், முன்னால் சொன்னால் குழப்பம் வரும், வண்டியைச் சுத்தம் செய்ய வேண்டும், பிளாட்பாரத்தில் கூட்டம் சேரும் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். மாறினால் மாறியது என்று சொல்லுங்கள். "அநேகமாக இந்தப் பிளாட்பாரம்" என்று போடுங்கள். மாறுகிற ஒரு நாளுக்குப் பயந்து, மாறாத எல்லா நாளும் ஆயிரக்கணக்கானவர்களை ஓடவைப்பது என்ன நியாயம்?

இது எங்கள் இரண்டு பேரின் புலம்பல் மட்டும் இல்லை. லண்டனின் யூஸ்டன் நிலையத்தில் மக்கள் இப்படி முண்டியடித்து ஓடுவது பத்திரிகைகளில் நாறி, 2024 அக்டோபரில் போக்குவரத்து அமைச்சரே தலையிட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் அங்கே இருந்த பிரம்மாண்டமான விளம்பரத் திரையை அணைத்தார்கள். விளம்பரத்துக்கு அவ்வளவு பெரிய திரை வைக்க இடமிருந்தது. பயணிக்கு வேண்டிய தகவலுக்கு இடமில்லாமல் இருந்தது. நினைத்தாலே வயிறு எரிகிறது.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். நான் ஆஸ்பத்திரி வார்டில், இவர் தபால் பிரிக்கும் இடத்தில், இரண்டு பேரும் மாறி மாறி ஷிப்ட் பார்த்தே வாழ்க்கை போனது. 30 வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தும் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கடை, கோயில் தவிர ஒன்றும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் ஒரே ஆசை, ரயிலிலேயே இந்தத் தீவைச் சுற்றிப் பார்ப்பது. இரண்டு பேரும் ஆளுக்கு 35 பவுண்டு கொடுத்து சீனியர் ரயில்கார்டு வாங்கினோம். 60 வயது ஆனவர்களுக்கு, பெரும்பாலான டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

பார்த்ததையெல்லாம் சொன்னால் விடிந்துவிடும். வட இங்கிலாந்தின் ரிபிள்ஹெட்டில் 24 வளைவுகள் கொண்ட பாலம், கீழே ஆடுகள், மேலே மேகம் உரசிக்கொண்டு நாங்கள். எடின்பரோவுக்கு வடக்கே, 1890-இல் திறந்த ஃபோர்த் பாலத்தின் சிவப்பு இரும்பு ஜன்னலில் ஒன்றன் பின் ஒன்றாக ஓடியது. தென்மேற்கே டாலிஷில் கடல் ரயிலுக்குப் பக்கத்திலேயே வந்து அலையடிக்கும். இவர் சின்னப் பிள்ளை மாதிரி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த டாலிஷ் பாதையை 2014 பிப்ரவரியில் புயல் அடித்துக்கொண்டு போனது, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. இரண்டே மாதத்தில் சுவரைக் கட்டி ரயிலை ஓடவிட்டார்கள். கடலோடு மல்லுக்கு நின்று ஜெயிக்கிற ரயில்வேக்கு, ஒரு எண்ணை இருபது நிமிடம் முன்னால் போட முடியாதா?

டிக்கெட் விஷயத்திலும் இதே கதைதான். தெரியும், ஆனால் சொல்லமாட்டார்கள். எப்போது வாங்குகிறோம், எந்த மணிக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்து அட்வான்ஸ், ஆஃப் பீக், சூப்பர் ஆஃப் பீக், எனிடைம் என்று டிக்கெட்டுக்கு நாலு பெயர். இந்த நாட்டில் 5.5 கோடி விதமான கட்டணங்கள் இருப்பதாக ரயில் நிறுவனங்களே 2018-இல் ஒப்புக்கொண்டன. அதைக் குறைப்பதாகவும் அன்றைக்கே சொன்னார்கள். லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்கு நேராக ஒரு டிக்கெட் வாங்குவதை விட, லண்டனிலிருந்து வழியில் வரும் டிட்காட் வரை ஒன்று, டிட்காட்டிலிருந்து பிரிஸ்டல் வரை ஒன்று என்று இரண்டாக வாங்கினால் பல நேரம் விலை குறையும். அதே ரயில், அதே இருக்கை. இறங்கக்கூட வேண்டாம், ரயில் டிட்காட்டில் நின்றால் போதும். இது சட்டப்படி சரி, விதிகளிலேயே அனுமதி இருக்கிறது. ஆனால் கேட்காதவனுக்கு யாரும் சொல்லமாட்டார்கள். முதல் இரண்டு வருடம் நாங்கள் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தெரியாது. பென்ஷன் பணத்தில் எவ்வளவு போனதோ!

கேட்கத்தான் ஒரு மனிதர் வேண்டுமே. 2023 ஜூலையில் இங்கிலாந்தின் டிக்கெட் கவுண்டர்களை ஏறக்குறைய எல்லாம் மூடிவிடுவோம் என்று அறிவித்தார்கள். மக்களிடம் கருத்துக் கேட்டபோது ஏழரை லட்சம் பதில்கள் போயின. நானும் என் கையெழுத்தில் நாலு பக்கம் எழுதினேன். அக்டோபர் 31 அன்று திட்டத்தைக் கைவிட்டார்கள். ரிபிள்ஹெட் பாலம் இருக்கும் செட்டில்–கார்லைல் பாதையும் அப்படித்தான் பிழைத்தது. 1980-களில் மூடப் பார்த்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் ஆட்சேபம் எழுதினார்கள், ஒரு நாய்கூடக் காகிதத்தில் பாதம் பதித்தது. 1989-இல் மூடுவதில்லை என்று அரசு முடிவெடுத்தது. அந்த நாய்க்கு கார்ஸ்டேல் நிலையத்தில் சிலை இருக்கிறது, போய்த் தொட்டுவிட்டு வந்தோம். சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் இந்த ராத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சரி, கவுண்டர் மூடவில்லை. திறந்திருக்கிறதா? நாங்கள் போன ஊர்களில் பாதி இடத்தில் திரைச்சீலை இறக்கியிருக்கும், பக்கத்தில் மெஷினைப் பயன்படுத்தவும் என்று ஒரு தாள். மெஷினில் வெயில் பட்டால் எழுத்து தெரியாது. எந்த டிக்கெட்டை எந்த மணிக்குப் பயன்படுத்தலாம் என்று அது தெளிவாகச் சொல்லாது. தவறான டிக்கெட்டோடு ஏறினால் இங்கிலாந்தில் அபராதம் 100 பவுண்டு, அதற்கு மேல் டிக்கெட் விலையும் உண்டு. மூன்று வாரத்துக்குள் கட்டினால் அபராதம் பாதி. அபராதத்தை மட்டும் எல்லா நிலையத்திலும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அதைச் சொல்லத் தெரிகிறது.

அப்புறம் ரயிலுக்குப் பதிலாக விடும் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ். தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்துவது பல வாரங்களுக்கு முன்பே முடிவாகிற காரியம். வேலை நடக்கட்டும், பாதுகாப்பு முக்கியம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் போன நவம்பரில் நடு இங்கிலாந்தில், மிட்லண்ட்ஸில் ஒரு ஜங்ஷனில் இறங்கிய பிறகுதான் இனிமேல் பஸ் என்று தெரிந்தது. டிக்கெட் வாங்கும்போது சொல்லவில்லை, ஏறும்போதும் சொல்லவில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால், மஞ்சள் சட்டை போட்டவர் தெருக்கோடியைக் கை காட்டினார். மழை, கூரை இல்லை. வந்த பஸ்ஸில் ஏற நாலு உயரமான படி, உள்ளே கழிப்பறை இல்லை, ஒன்றேமுக்கால் மணி நேரம். இவர் ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர். அந்தப் பயணத்தில் அவர் பட்ட அவமானத்தை நான் இங்கே எழுதமாட்டேன். பஸ் என்று முன்னால் தெரிந்திருந்தால் அன்றைக்கு மாத்திரையைத் தள்ளிப் போட்டிருப்போம், அல்லது மறுநாள் போயிருப்போம். எங்களுக்கு என்ன அவசரம்? ஓய்வு பெற்றவர்களிடம் நேரம் ஒன்றுதானே நிறைய இருக்கிறது.

உதவி கேட்கலாமே என்று என் மகன் சொல்கிறான். பாசஞ்சர் அசிஸ்ட் என்று இருக்கிறது, இரண்டு மணி நேரம் முன்னால் சொன்னால் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள். தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் இவர் நடப்பார், நன்றாகவே நடப்பார். ஓடத்தான் முடியாது. நடக்கத் தெரிந்த மனிதரை ஓடவைத்து, ஓட முடியாததால் உதவி தேவைப்படுபவர் என்று பெயர் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

முன்கூட்டியே சொல்வது முடியாத காரியம் இல்லை, என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவிலிருந்து மேற்கு மலைப் பக்கம் போகும் ரயில், கிரியன்லாரிக் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஓபனுக்கு, இன்னொரு பாதி ஃபோர்ட் வில்லியம் வழியாக மாலெய்க் என்ற கடற்கரை ஊருக்கு. தவறான பாதியில் உட்கார்ந்தால் வேறு ஊரில் போய் இறங்க வேண்டியதுதான். அன்றைக்கு இருந்த கண்டக்டர் அம்மா, கிளாஸ்கோவைத் தாண்டியதும் இருக்கை இருக்கையாக வந்து "எங்கே போகிறீர்கள்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஓபன் போக வேண்டிய ஒரு வயதான தம்பதி எங்கள் பெட்டியில் இருந்தார்கள். அவர்களின் பையைத் தானே தூக்கி, நின்ற நிலையத்தில் மெதுவாக இறக்கி, சரியான பாதியில் உட்காரவைத்துவிட்டு வந்தார். கிரியன்லாரிக் வர அப்போது இன்னும் நிறைய நேரம் இருந்தது. யாரும் ஓடவில்லை. ஒரு மனிதருக்கு அக்கறை இருந்தது, கேட்டார், சொன்னார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரானக் மூர் சதுப்பு நிலத்தின் நடுவில், மான் ஒன்று தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்ததை நிம்மதியாக ரசித்தோம்.

1990-களில் தனியாரிடம் கொடுத்த ரயில்களை இப்போது அரசு ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்கிறது. 2024-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி 2025 மே 25 அன்று முதலாவதாக சவுத் வெஸ்டர்ன் ரயில்வே அரசிடம் வந்தது. எல்லாம் கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ் என்ற ஒரே குடையின் கீழ் வரப்போகிறது. வரட்டும், மனதார வரவேற்கிறேன். ஆனால் பெட்டிக்குப் புதுச் சாயம் அடிக்கும் முன்னால், அந்தப் பலகையில் எண்ணைப் போடுங்கள். பெரிய முதலீடு வேண்டாம், புது ரயில் வேண்டாம், உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிற எண்ணை எங்களுக்கும் காட்டுங்கள். குறைந்த விலை டிக்கெட் இருந்தால் மெஷினே சொல்லட்டும். ரயில் தாமதமானால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்று கண்டக்டரே பெட்டியில் அறிவிக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஒருவழி டிக்கெட்டின் முழுப் பணமும் திரும்பக் கேட்கலாம் என்பதே எங்களுக்குப் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் தெரியும். அதற்குள் 28 நாள் கெடு தாண்டிப் போயிருந்தது.

அடுத்த மாதம் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் போய், அங்கிருந்து தர்சோ. இந்தத் தீவின் வடகோடி ரயில் நிலையம் அதுதான். இவருடைய பல நாள் கனவு. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, முழங்கால் சம்மதித்தால் போவோம். கிளம்பும் நாள் காலையில் அந்தப் பையன் காட்டிய இணையதளத்தைத் திறந்து, பிளாட்பார எண்ணைத் தாளில் பெரிதாக எழுதி இவர் சட்டைப் பையில் வைப்பேன். பணம் கொடுத்து டிக்கெட் வாங்கிய ரயில் எங்கே நிற்கும் என்று 67 வயதில் நான் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஐஸ் கரைந்துவிட்டது, கீழே போய் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி வர வேண்டும்.