மிருசுவில் குடும்பங்களை யார் கேட்டார்கள்?

ஜனாதிபதி பொதுமன்னிப்பு என்றாலே கொதிக்கிற ஆள் அல்ல நான். இலங்கையில் அது நல்லதற்கும் பயன்பட்டிருக்கிறது. 2006இல் மைத்திரிபால சிறிசேனவைக் கொல்ல முயன்றதாகத் தண்டிக்கப்பட்ட சிவராஜா ஜெனிவனை, 2016 ஜனவரியில், ஜனாதிபதியாகிவிட்ட அதே சிறிசேன மேடைக்கு அழைத்துக் கைகொடுத்து விடுதலை செய்தார். பதவியேற்ற ஒரு வருட விழாவில் செய்தார் என்பதால் அதில் அரசியல் இல்லாமல் இல்லை. இருக்கட்டும். குறி வைக்கப்பட்டவரே மன்னித்தார்.

2022 ஒக்டோபரில் எட்டுத் தமிழ்க் கைதிகளை அப்போதைய ஜனாதிபதி ரணில் விடுவித்தார். அவர்களில் சிலர் முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா மீதான குண்டுவெடிப்புக் கொலை முயற்சி வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள். அந்தக் குண்டில் ஒரு கண் பார்வையை இழந்த சந்திரிகாவிடம் சம்மதம் கேட்ட பிறகுதான் விடுதலை நடந்தது. அதே குண்டில் செத்தவர்களும் உண்டே, அவர்களுக்காகச் சந்திரிகா எப்படிச் சம்மதிக்கலாம் என்று கேட்டால், நியாயமான கேள்வி.

சரி, யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவிலுக்கு வருவோம். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த எட்டுப் பேர் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போன இடத்தில் கழுத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதில் ஒரு குழந்தைக்கு வயது 5. தப்பி வந்த ஒருவர் சொல்லித்தான் விஷயமே வெளியே தெரிந்தது. இராணுவத்தைச் சேர்ந்த சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது 2015இல். 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் கிடந்தபோது, அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய அவரை வெளியே விட்டார். செத்தவர்களின் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘அது போர்க்காலச் சம்பவம், அரசியல் வன்முறை அல்ல’ என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். சிறையிலுள்ள படையினரை விடுவிப்பேன் என்று தேர்தல் மேடையில் கோட்டாபய கொடுத்த வாக்கு அரசியல் இல்லாமல் வேறு என்னவாம்?

அடுத்த வருடம் பௌத்தப் பண்டிகையான பொசனுக்கு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே இருந்த 16 தமிழர்கள் வெளியே வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் வந்ததில் சந்தோஷம்தான். ஆனால் அதே நாளில், அவர்கள் முதுகுக்குப் பின்னால் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவும் வந்தார். 2011 உள்ளூராட்சித் தேர்தல் நாளில் அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றவர். வந்த கையோடு வீடமைப்பு அதிகார சபைத் தலைவர் பதவி வேறு! கொல்லப்பட்டவரின் மனைவியும் மகள் ஹிருணிகாவும் வழக்குப் போட்டார்கள். 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை ரத்துச் செய்தது. கொழும்பில் பெயர் தெரிந்த குடும்பம், போராட முடிந்தது. மிருசுவில்காரர் எந்தப் பலத்தில் மோதுவது?

மரண தண்டனைக் கைதியை மன்னிப்பதற்கு முன் விசாரித்த நீதிபதியின் அறிக்கை வேண்டும், சட்டமா அதிபரின் ஆலோசனை வேண்டும், நீதி அமைச்சரின் பரிந்துரை வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை. அந்த வரிசையில் கொல்லப்பட்டவரின் குடும்பத்தையும் சேர்க்க வேண்டும். அவர்கள் மறுத்தாலும் ஜனாதிபதி கையெழுத்திடட்டும், அதிகாரம் அவருடையது. ஆனால் அவர்கள் என்ன சொன்னார்கள், அதை மீறி ஏன் விட்டேன் என்று வர்த்தமானியில் எழுதிவிட்டு விடட்டும்.