அந்த அம்மா அழுதது ஆனந்தத்தில் அல்ல

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். மூட்டு அறுவை சிகிச்சைக்காக அம்மா மருத்துவமனையில் படுத்திருந்தபோது பிள்ளைகள் சேர்ந்து அவருடைய அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, புதுத் திரைச்சீலை மாட்டி, வாசலில் கேமராவோடு காத்திருந்து, "இப்போது கண்ணைத் திறங்கள் அம்மா" என்றார்களே, அதுதான். அவர் திறந்தார். பார்த்தார். அழுதார். "ஆனந்தக் கண்ணீர்" என்று எழுதி, பக்கத்தில் ஓர் இதயத்தையும் ஒட்டிவிட்டார்கள்.

என் நட்பு வட்டத்தில் பாதிப் பேர் அதைப் பகிர்ந்திருக்கிறீர்கள். "பெற்றால் இப்படிப் பிள்ளைகளைப் பெற வேண்டும்" என்று வேறு. ஒலியைக் கூட்டி வைத்து யாராவது கேட்டீர்களா? அழுகைக்கு நடுவே அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அந்தத் தகரப் பெட்டி எங்கே?" மகன் சிரிக்கிறார். மகள், "அதெல்லாம் இனி எதற்கம்மா" என்கிறார். பின்னணி இசை கூடுகிறது, காணொளி முடிந்துவிடுகிறது.

பொருள் அவருடையது. வைப்பதா விடுவதா என்ற முடிவும் அவருடையது. இந்த இரண்டு வரியை எழுதியதற்குத்தான் எனக்கு இத்தனை அர்ச்சனை. "குப்பைக்கு வக்கீல்" என்றார் ஒருவர். "உங்கள் வீட்டுக்கு ஒரு லாரி அனுப்பட்டுமா?" என்றார் இன்னொருவர். அவர்களை விட்டுவிடலாம். ஆனால் என் நெடுநாள் நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும், "பழைய காகிதத்தைத் தூக்கிப் போட நான்கு பேர் கூடி ஆறுதல் சொல்ல வேண்டுமா? நல்ல பொழுதுபோக்கு" என்று எழுதியிருக்கிறார். நான் போய்வரும் குழுவைச் சொல்கிறார். அதை அவரிடம் நம்பிச் சொன்னவள் நான்தான். இவருக்குப் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஆம், கூடுகிறோம். வாரம் ஒருமுறை, கணினித் திரையில். வீடு நிறையச் சாமான் சேர்ந்து, அதற்குள் தாங்களே ஒண்டிக்கொண்டு வாழ நேர்ந்தவர்கள். நிபுணர் யாரும் கிடையாது. ஒருவர் ஒரே ஒரு இழுப்பறையை எடுத்து மேசையில் வைத்துக்கொள்வார். இன்னொருவர் துணைக்கு இருப்பார். துணைக்கு இருப்பவர் "தூக்கிப் போடுங்கள்" என்று சொல்லக் கூடாது. "ஐயோ, இவ்வளவா!" என்று வாயைப் பிளக்கக் கூடாது. படம் எடுக்கவே கூடாது. கேட்க அனுமதி உள்ள கேள்வி ஒன்றுதான்: "இது எங்கே போகிறது?" இங்கேயே இருக்குமா, யாருக்காவது போகுமா, கழிவுக்கா. சொல்ல வரவில்லையென்றால் அதற்கும் ஓர் அட்டைப்பெட்டி உண்டு. பிறகு, "அடுத்தது."

கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலத்தான் இருக்கும். செய்து பார்த்தால் தெரியும். தனியாக உட்கார்ந்தால் ஒரு ரசீதைக் கையில் எடுத்து, அதிலிருந்து ஒரு நினைவுக்குப் போய், அந்த நினைவிலேயே பொழுது சாய்ந்து, ரசீதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவோம். எதிரில் ஒருவர் அமைதியாக இருந்தால் கை நகர்கிறது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், நகர்கிறது.

எங்கள் குழுவில் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் இருக்கிறார். நூலகத்தில் ஒரு புத்தகத்தைக் கழிக்க வேண்டுமென்றால் அப்படியே மூட்டை கட்டி எறிந்துவிட மாட்டார்கள். பதிவேட்டில் அதன் எண்ணைத் தேடி எடுத்து, எதிரே "நீக்கப்பட்டது" என்று எழுதி, புத்தகத்திலும் முத்திரை குத்தித்தான் அனுப்புவார்கள். அவர் தன் வீட்டிலும் அதையே செய்கிறார். கோடு போட்ட ஒரு நோட்டு. விடப்போகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: என்ன, யார் கொடுத்தது, எங்கே போகிறது. கைப்பிடி உடைந்த கத்தரிக்கோலுக்குக்கூட வரி உண்டு. எழுதி முடித்ததும் பேனாவை மூடுவார், பொருளைப் பெட்டியில் போடுவார், "அடுத்தது" என்று அவரே சொல்லிக்கொள்வார். அவருடைய கூடத்தில் இப்போது நாற்காலி போட்டு உட்கார இடம் இருக்கிறது. இதைத்தான் என் நண்பர் பொழுதுபோக்கு என்கிறார்.

அவர் படித்தவர், ஆதாரம் கேட்பார். 1990இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் குவளையைக் கொடுத்துவிட்டு, உடனே விற்கவும் வாங்கவும் சொன்னார்கள். குவளை கிடைத்தவர்கள் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப்போல இரு மடங்குக்கும் மேல். சில நிமிடங்கள் கையில் இருந்த குவளைக்கே இந்தக் கதி. நாற்பது ஆண்டுகள் கட்டிலடியில் இருந்த தகரப் பெட்டிக்கு மட்டும் "அதெல்லாம் எதற்கம்மா".

இன்னொன்றும் சொல்கிறேன். 2012இல் டேவிட் டோலினும் உடனிருந்த ஆய்வாளர்களும், பொருள்களைச் சேர்த்து வைக்கும் கோளாறு உள்ளவர்களிடம் காகிதங்களைக் காட்டி, வைத்துக்கொள்வதா கிழிப்பதா என்று கேட்டபடியே அவர்களுடைய மூளையைப் படம் பிடித்தார்கள். வேறு யாருடைய காகிதமோ வந்தபோது, முடிவெடுப்பதோடு தொடர்புடைய சில பகுதிகள் மற்றவர்களைவிட மந்தமாக இருந்தன. சொந்தக் காகிதம் வந்ததும் அதே பகுதிகள் அளவுக்கு மிஞ்சி இயங்கின. காகிதம் என்றால் காகிதம்தானே என்று கேட்கிறவர்களுக்கு இதற்கு மேல் எப்படிச் சொல்வது? அடுத்தவர் பொருளை எறிவது எவருக்கும் எளிது. நமக்கும் எளிது. அதனால்தான் உங்களுக்கு இத்தனை வீரம்.

"நோய் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், அப்படியானால் மருத்துவரிடம் போங்கள், குழு எதற்கு?" என்றும் ஒரு கேள்வி வந்தது. முதலில், சாமான் சேர்த்தவர்கள் எல்லோரும் நோயாளிகள் அல்லர். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் கையேடு இதைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது உண்மை. அதற்கான அளவுகோல் வீட்டில் எத்தனை மூட்டை இருக்கிறது என்பது மட்டும் அல்ல. பொருளின் மதிப்பு எதுவானாலும் அதை விட முடியாமல் படும் வேதனையும், அதனால் வாழும் இடமே பயன்படாமல் போவதும்தான். இரண்டாவது, மருத்துவரிடம் போக வேண்டியவர்கள் போகட்டும், எங்கள் குழுவிலேயே போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குழு வெறும் வெட்டிப்பேச்சு என்று சொல்லாதீர்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 300க்கும் மேற்பட்டவர்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவின் குழுக்களை உளவியலாளர்கள் நடத்தினார்கள். மற்றதை, இதே சிக்கலைக் கடந்து வந்து பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் நடத்தினார்கள். பின்னவர்களின் குழு எந்த வகையிலும் சளைத்ததாக இல்லை. கிண்டலடிக்கும் முன் இதையும் படித்திருக்கலாம்.

"தீப்பிடித்தால்? தடுக்கி விழுந்தால்?" நியாயமான கேள்வி. நடைபாதை, கதவு, அடுப்பைச் சுற்றிய இடம், இவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். அதையும் அவரை உட்கார வைத்துக்கொண்டு, கேட்டுச் செய்யுங்கள். இதில் எனக்கு விவாதமே இல்லை.

நியூயார்க் சகோதரர்களைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஹோமர், லாங்லி என்ற காலியர் சகோதரர்கள் 1947இல் தங்கள் வீட்டில் குவிந்திருந்த சாமான்களுக்கு நடுவிலேயே இறந்துகிடந்தார்கள். லாங்லி சரிந்து விழுந்த மூட்டைகளுக்கு அடியில். பார்வையிழந்த ஹோமர், சோறு கொண்டுவர ஆளின்றிப் பசியில். அந்த வீட்டிலிருந்து நூறு டன்னுக்கும் மேல் அள்ளினார்கள் என்பதை எல்லோரும் சொல்கிறீர்கள். அள்ளும்போது வேடிக்கை பார்க்கத் தெருவில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியதை ஏனோ சொல்ல மாட்டீர்கள். உயிரோடு இருந்தபோது உதவிக்கு வராத கூட்டம் அது. இன்று அந்தக் கூட்டத்துக்குத் தெருவில் நிற்கும் சிரமம்கூட இல்லை, கட்டைவிரல் போதும்.

ஒழுங்குபடுத்தும் கலையை உலகுக்கே சொல்லிக்கொடுத்த மரி கோண்டோவை எனக்கு மேற்கோள் காட்டுகிறார்கள். அவரை நீங்கள் அரைகுறையாகப் படித்திருக்கிறீர்கள். குடும்பத்தில் மற்றவர் பொருளை அவருக்குத் தெரியாமல் எறியாதீர்கள் என்றுதான் அவரும் சொல்லியிருக்கிறார். போதாததற்கு, மூன்று குழந்தைகளுக்குப் பிறகு வீட்டை முன்போல ஒழுங்காக வைத்திருப்பதைக் கொஞ்சம் விட்டுவிட்டதாக 2023இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே அப்போதுதான்.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

என் அம்மா நெடுங்காலம் படுக்கையில் இருந்தார். எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் கேள்வி, "பழைய ரிப்போர்ட் எங்கே?" அதனால் ஒரு சீட்டைக்கூட நான் விடவில்லை. பரிசோதனை முடிவுகள், மருந்துச் சீட்டுகள், எக்ஸ்ரே உறைகள், எல்லாம் தேதி வாரியாக. "உன்னைப்போலப் பொறுப்பாக வைத்துக்கொள்ள யாராலும் முடியாது" என்று பாராட்டியது என் அண்ணன். அம்மா போனபிறகு அதே கோப்புகளைப் பார்த்து, "இந்தக் குப்பையை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறாய்?" என்றதும் அதே அண்ணன்தான்.

அந்தக் குவியலில் ஒரு நோட்டு இருந்தது. இரவு நேரக் காய்ச்சல், ரத்த அழுத்தம், எத்தனை மணிக்கு எந்த மாத்திரை என்று நான் கிறுக்கி வைத்தது. அம்மா ஆசிரியை. எழுந்து உட்காரக்கூட முடியாத நாட்களில் அந்த நோட்டை வாங்கி, நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் என் எழுத்துப் பிழைகளைத் திருத்துவார். "முயற்சித்தார்" என்று எழுதியிருந்தால் அடித்து "முயன்றார்". "சிறிதளவு கஞ்சி" என்பதில் நான் இடையின ரகரம் போட்டுவிட்டால் ஒரு வட்டம். ஒரு பக்கத்தின் ஓரத்தில் பத்துக்கு ஆறு மதிப்பெண்கூடப் போட்டிருந்தார்.

நான் வெளியூர் போயிருந்தபோது அண்ணனும் அண்ணியும் வந்து "வீட்டைச் சீராக்கிவிட்டார்கள்". திரும்பி வந்தால் அலமாரி பளபளவென்று காலியாக இருந்தது. நோட்டைக் கேட்டேன். "நோட்டா? எத்தனையோ நோட்டு இருந்தது. நீ இருந்தால் விட மாட்டாய் என்றுதான் நீ இல்லாதபோது செய்தோம்" என்றார் அண்ணன், ஏதோ பெரிய உபகாரம் போல. நானும் அழுதேன். நல்லவேளை, அப்போது யாரும் படம் எடுக்கவில்லை.

ஒரு வேடிக்கை தெரியுமா? காலியான அந்த அலமாரியை வெகுசீக்கிரம் மறுபடியும் நிரப்பிவிட்டேன், முன்பைவிட நெருக்கமாக. எதை எப்போது யார் எடுத்துப்போவார்களோ என்ற பயம் வந்துவிட்டால் கை எதையும் விடாது. குழுவில் இதே கதையைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மீதமிருந்த எக்ஸ்ரே உறைகளையும் சீட்டுகளையும் பிற்பாடு விட்டவள் நானேதான். நூலக அம்மையார் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, ஒவ்வொன்றாக எடுத்து, வரி எழுதி, விட்டேன். ஒருமுறைகூட அவர் அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும், "தண்ணீர் குடித்தீர்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அம்மா இருந்த அத்தனை காலத்திலும் அண்ணன் என்னிடம் கேட்டதில்லை. இரவில் விழித்திருக்க ஆள் தேவைப்பட்டபோது வரவில்லை. மருத்துவமனை வரிசையில் நிற்க வரவில்லை. குப்பைப் பையோடு மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். இது காணொளியிலிருந்து விலகிப் போகிறது என்பீர்கள். போகட்டும். அந்தப் பிள்ளைகள் அதற்கு முன் எத்தனை முறை அந்த அறையில் அம்மாவோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதை உங்களால் தடுக்க முடியாது. "அவர்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" ஒன்றும் தெரியாது. அந்த அம்மாவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும், ஆனந்தக் கண்ணீர் என்று முடிவு கட்ட?

என் நண்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் கார் நிறுத்தக் கட்டிய கொட்டகையில் கார் நின்று நான் பார்த்ததே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றும் நான் கேட்டதில்லை. நட்பு என்பதை அப்படித்தான் நான் புரிந்துவைத்திருந்தேன்.

குழுவைப் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவர்கள் பலர். எல்லோருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டணம் கிடையாது. கேமராவை அணைத்து வைத்துக்கொண்டும் வரலாம், தொடக்கத்தில் நானும் அப்படித்தான் வந்தேன். உங்களுடைய ஓர் இழுப்பறையோடு வாருங்கள், சிறியதாக இருந்தாலும் போதும். "அம்மாவின் சாமானை எப்படிக் குறைப்பது?" என்று கேட்டு எழுதியிருப்பவர்கள் நீங்கள் வர வேண்டாம். அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் அவரை வரச் சொல்லுங்கள்.