ராஜரத்தினம் பிள்ளைக்கு இன்னும் எத்தனை நாள் இந்தக் குடிகாரக் கதை?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் மறுபடி பகிரப்போவதில்லை. இசை விழா மேடை, முன்வரிசையில் படித்த பெரிய மனிதர்கள். பேசியவருக்குக் கொடுத்த தலைப்பு நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாழ்க்கை. இருபது நிமிடப் பேச்சில் அவர் குடித்தது, முன்பணம் வாங்கிவிட்டுக் கச்சேரிக்கு வராதது, ஜமீன்தாரிடம் எகிறியது. கூட்டம் கைதட்டிச் சிரிக்கிறது. அவர் வாசிப்பில் பேர்பெற்ற ராகமான தோடி என்ற சொல் ஒரே ஒரு முறை வந்தது, அதுவும் ஒரு குடிக்கதைக்கு நடுவில்.

எனக்குத் தாங்கவில்லை. மற்ற வித்வான்களைப் பற்றிப் பேசினால் பாடாந்தரம், பக்தி, சாதகம் என்று பேசுகிறோம். ராஜரத்தினம் பிள்ளை என்றால் மட்டும் ஏன் பாட்டில்?

1898இல் பிறந்து 1956இல் போய்ச் சேர்ந்த மனிதர். அந்த ஐம்பத்தெட்டு வருடத்தில் அவர் செய்ததைச் சொல்ல இருபது நிமிடம் போதாது. முதலில் வாய்ப்பாட்டுப் படித்தவர் அவர். அந்தப் பாட்டைத்தான் பிறகு குழலில் கொண்டுவந்தார். அதுவரை வழக்கத்தில் இருந்தது திமிரி நாயனம் என்கிற நாதஸ்வரம். குட்டை, உச்ச ஸ்ருதி. கோயில் வீதியில் நாலு தெரு தாண்டிக் கேட்கும், ஆனால் சுத்த மத்தியமம் என்கிற ‘ம’ ஸ்வரம் அதில் சரியாகப் பேசாது. நாதஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான பாரி நாயனத்தைக் கொண்டுவந்தார். ஸ்ருதி இறங்கியது, மத்தியமம் சரியாக வந்தது. தோடிக்குச் சுத்த மத்தியமம் எவ்வளவு முக்கியம் என்று பாடுகிறவர்களைக் கேளுங்கள். அவருடைய தோடி வானத்திலிருந்து விழவில்லை. நாதஸ்வரம் கடைகிற ஆச்சா மரத்தில் துளை எங்கே போடவேண்டும் என்று ஒரு ஆசாரியும் ஒரு வித்வானும் உட்கார்ந்து யோசித்ததால் வந்தது. இது சொல்லவேண்டிய கதை இல்லையா? நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோமே!

சரி, அவருக்குத் திமிர் என்கிறார்களே, அதற்கு வருகிறேன். அந்தக் காலத்தில் நாயனக்காரர் நின்றுகொண்டேதான் வாசிக்கவேண்டும். மேல்துண்டு இடுப்பில் இருக்கவேண்டும். சுவாமிக்கு முன்னால் மட்டும் இல்லை, பெரிய வீட்டுக்காரர் முன்னாலும் அப்படித்தான். இவர் குடுமியை எடுத்துக் கிராப் வைத்தார். ஷெர்வானி போட்டார், பதக்கங்களைக் குத்திக்கொண்டார். மேடை போடு, உட்கார்ந்து வாசிக்கிறேன் என்றார். பாட்டுக் கச்சேரிக்காரருக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை எனக்கும் வேண்டும் என்று கேட்டார். இதைத் திமிர் என்கிறார்கள். கேட்காமல் யார் கொடுத்திருப்பார்கள்? 1947இல் டெல்லியில் சுதந்திர விழாவில் அவர் நாதஸ்வரம் ஒலித்தது. மியூசிக் அகாதெமி கொடுக்கும் சங்கீத கலாநிதி விருதுப் பட்டியலில் மட்டும் இன்றுவரை அவர் பெயர் கிடையாது. அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொல்லுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

“அவர் குடித்தது பொய்யா?” என்று கேட்பீர்கள். பொய் இல்லை. குடித்தார், அது அவர் உடம்பைக் கெடுத்தது. யாரும் மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாழ்க்கையில் அது மட்டும்தான் உங்கள் கண்ணில் படுகிறது என்றால் குறை அவரிடம் இல்லை.

“சும்மா சுவாரசியத்துக்குச் சொன்னது” என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். யாருக்குச் சுவாரசியம்?

“எல்லாவற்றிலும் ஜாதியைக் கொண்டுவராதே” என்றும் ஒருவர். நான் கொண்டுவரவில்லை ஐயா. எங்கள் பெரியப்பா தவில் வாசித்தவர். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது லீவில் அவரோடு கல்யாணங்களுக்குப் போவேன். ஒரு கல்யாண மண்டபம். விடிகாலையிலிருந்து வாசித்திருக்கிறார். தாலி கட்டி முடிந்து, விரலில் மாட்டிய கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் முடிந்துகொண்டு, கை கழுவிப் பந்தியில் போய் உட்கார்ந்தார். இலை போட்டாகிவிட்டது. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் வந்து, “மேளக்காரங்க கடைசிப் பந்திங்க” என்றார். குரலை உயர்த்தவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பெரியப்பா எழுந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “விடுடா தம்பி, இது என்ன புதுசா?” என்றார். கடைசிப் பந்தியில் சாம்பார் தீர்ந்து ரசம்தான் இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் என்ன ஜாதி, பெரியப்பா என்ன ஜாதி என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

ராஜரத்தினம் பிள்ளையாக இருந்தால் அந்த இடத்தில் எகிறியிருப்பார். அதுவும் ஒரு வேடிக்கைக் கதையாகி, நேற்று அந்த மேடையில் சொல்லப்பட்டிருக்கும். என் பெரியப்பா எகிறவில்லை, அதனால் அவருக்குக் கதையே இல்லை.

இன்றைக்கு மட்டும் என்ன மாறிவிட்டது? ரிசப்ஷன் என்றால் மெல்லிசைக் குழுவுக்குப் பெரிய மேடை, மானிட்டர் ஸ்பீக்கர், தனி அறை. நாயனக்காரருக்கு வாசல் ஓரத்தில் ஒரு ஜமுக்காளம், இரைகிற ஒரு மைக். ஒரு ஆலாபனையை ஐந்து நிமிடம் நிம்மதியாக வாசிக்க விடுவதில்லை. கெட்டிமேளத்துக்கு விரலை ஆட்டிச் சைகை காட்டுகிறோம். அவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. காருகுறிச்சி அருணாசலம் ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1962இல் வந்த ‘சிங்கார வேலனே தேவா’வில் ஜானகியம்மாவின் குரலோடு போட்டி போடுகிற நாயனம் அவருடையது. அந்தப் பாட்டு தெரியாத வீடு கிடையாது, வாசித்தவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். அவர் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். அவரைப் பற்றியும் நாளைக்கு ஒருவர் மேடையேறி எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார்.

பெரியப்பா மகன் தவிலைத் தொடவில்லை. கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருக்கிறான். பெரியப்பாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கலை அழிகிறதே என்று வருத்தப்பட்டு எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒன்று கேட்கவேண்டும். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மேளக்காரர்கள் எந்தப் பந்தியில் சாப்பிட்டார்கள்?

அந்தப் பேச்சாளர் எனக்குத் தெரிந்தவர்தான். அதற்காக இந்தப் பதிவை எடுக்கமாட்டேன். காலையிலிருந்து உள்பெட்டியில் சமாதானம் பேசுகிறவர்கள் இங்கேயே கமெண்டில் பேசலாம், பதில் சொல்கிறேன். அடுத்த மாதம் அதே விழாக்குழு நடத்தும் கூட்டத்துக்கு நானும் போகிறேன். அந்தக் கதை மறுபடி வந்தால் எழுந்து நின்று, பாரி நாயனம் பற்றிப் பேசுங்கள் என்று கேட்பேன்.