கோடிட்ட இடத்தை நிரப்புக

போன வாரம் மகள் தன் சமூக அறிவியல் விடைத்தாளைக் கையெழுத்துக்காக நீட்டினாள். முதல் பக்கத்திலேயே கண் நின்றுவிட்டது. 'இருண்ட கண்டம் என்று அழைக்கப்படுவது ________.' ஆப்பிரிக்கா என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரிக்குறி, ஒரு மதிப்பெண். இதே கேள்விக்கு இதே பதிலை எழுதி இதே ஒரு மதிப்பெண்ணை நான் வாங்கி நாற்பது வருடம் ஆகப்போகிறது. இடையில் மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்து, ஜனாதிபதியாகி, காலமாகியும் விட்டார். கேள்வி மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அந்தப் பெயரை உலகமெங்கும் பரப்பியவர் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லி. 1878இல் வெளியிட்ட பயண நூலின் தலைப்பிலேயே அதை வைத்தார். காங்கோ ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் போர்த்துகீசியர்கள் 1482இலேயே பார்த்துவிட்டார்கள். ஆனால் ஆற்றின் போக்கைத் தொடர்ந்து ஓர் ஐரோப்பியர் கடல்வரை வந்து சேர்ந்தது 1877இல்தான். அவர்தான் ஸ்டான்லி. அவரும் கடலிலிருந்து ஏறிப் போகவில்லை, கிழக்குக் கரையில் இறங்கிக் கண்டத்தைக் குறுக்கே கடந்து வந்தார். நடுவில் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள். ஏன் இவ்வளவு காலம்? ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி மேட்டுநிலம். கடலை நெருங்கும்போதுதான் அது சடாரென்று இறங்குகிறது. காங்கோவின் கடைசிக் கட்டத்தில் சுமார் 350 கிலோமீட்டருக்குப் பாறையும் அருவியும் சுழலுமாகத்தான் தண்ணீர் ஓடுகிறது. அதில் எந்தக் கப்பல் ஏறும்? தப்பித் தவறி உள்ளே போனவனை மலேரியா பார்த்துக்கொண்டது. கொய்னா மருந்து புழக்கத்துக்கு வரும்வரை கரையோரக் கோட்டைகளில் உட்கார்ந்து வியாபாரம் செய்தார்களே தவிர, உள்நாடு அவர்களுக்குக் கைகூடவில்லை. தங்கள் கப்பல் போகாத இடத்துக்கு இருட்டு என்று பெயர் வைத்தார்கள். நாம் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறோம்.

அதே காலத்தில் கிழக்குக் கரையில் கதையே வேறு. நவம்பர் முதல் வீசும் வடகிழக்குக் காற்றில் அரேபியாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் மொம்பாசா, கில்வா துறைமுகங்களுக்கு இறங்கும். ஏப்ரலுக்குப் பிறகு காற்று திரும்பும், கப்பலும் திரும்பும். நமக்குப் பருவமழை கொண்டுவரும் அதே காற்றுகள்தான். அந்தக் கரையின் மொழியான சுவாஹிலியில் வடகிழக்குக் காற்றுக்கு காஸ்காசி, திரும்பும் காற்றுக்கு கூசி என்று பெயர். காற்றைப் பற்றிய பாடத்திலோ கண்டங்களைப் பற்றிய பாடத்திலோ இது எனக்குச் சொல்லித்தரப்படவில்லை. காற்று ஒரு புத்தகத்தில், வணிகம் இன்னொரு புத்தகத்தில், சுவாஹிலி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

என் கட்சி இதுதான். ஒரு கண்டத்தை வடக்கிலிருந்து தெற்காக, பரப்பளவு, கனிமம், பாலைவனம், விலங்குகள் என்று வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குப் பெயர் படிப்பு இல்லை. 54 நாடுகள், சுமார் இரண்டாயிரம் மொழிகள். இதை யாராலும் முழுதாக விழுங்க முடியாது. ஒரு சுவரைப் பிடியுங்கள், ஓர் ஆற்றைப் பிடியுங்கள், அதை இழுத்துப் பாருங்கள். மற்றது கூடவே வரும்.

எனக்கு அகப்பட்டது ஒரு சுவர். ஜிம்பாப்வே நாட்டில் 'மகா ஜிம்பாப்வே' என்றழைக்கப்படும் இடிபாடுகள் இருக்கின்றன. 11ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் ஷோனா மக்களின் முன்னோர் கட்டியது. அங்குள்ள பெரிய வளாகத்தின் வெளிச்சுவர் சுமார் 250 மீட்டர் சுற்றளவு, சில இடங்களில் 11 மீட்டர் உயரம். சுண்ணாம்பு இல்லை, மண்சாந்து இல்லை, கல்மேல் கல். அந்தப் பகுதியின் கருங்கல் பாறை பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் தானாகவே பாளம் பாளமாக உரியும். அதைச் செங்கல் அளவுக்கு உடைத்து அடுக்கியிருக்கிறார்கள். சுவர் நேர்க்கோட்டில் போவதில்லை, வளைந்து வளைந்து போகிறது.

1871இல் கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர் அங்கே போனார். ஆப்பிரிக்கர்கள் இதைக் கட்டியிருப்பார்கள் என்று அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாசலின் மேல்சட்டத்திலிருந்து ஒரு சிராய் எடுத்துத் தன் பென்சிலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தன. பென்சில் தேவதாரு மரம், ஆகவே இதுவும் லெபனான் தேவதாரு, ஆகவே இது பைபிளில் வரும் ஷேபா ராணியின் அரண்மனை! ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு நாகரிகத்தையே ஊர்மாற்றிவிட்டார். அந்தச் சட்டம் அங்கேயே வளரும் ஒரு மரம்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் 1905இல் டேவிட் ராண்டல்-மக்கைவர் தோண்டிப் பார்த்து இது ஆப்பிரிக்கர்களின் வேலை என்றார். 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ப்சன் அதை உறுதிசெய்தார். அதற்குப் பிறகும் ரொடீசியாவின் (ஜிம்பாப்வேயின் அன்றைய பெயர்) வெள்ளை அரசு விடவில்லை. உண்மையை எழுதிய தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. கற்சுவரைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு ஆளவும் தெரியும் என்று ஆகிவிடுமே! 1980இல் விடுதலை பெற்றதும் அந்த மக்கள் நாட்டுக்கு அந்தச் சுவரின் பெயரையே வைத்தார்கள். அங்கே கிடைத்த மாவுக்கல் பறவை இன்று தேசியக் கொடியில் இருக்கிறது.

தோண்டியபோது கிடைத்தவற்றில் சீனப் பீங்கானும் பாரசீக மட்பாண்டமும் கில்வாவின் செப்புக்காசு ஒன்றும் உண்டு. இந்தியாவிலிருந்து போன கண்ணாடி மணிகளும் உண்டு. மேலே சொன்ன காற்று நினைவிருக்கிறதா? அதில் போனவைதான்.

வரைபடமும் ஒரு குற்றவாளி. நம் வகுப்பறைச் சுவர்களில் தொங்கிய உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் 14 மடங்கு, இந்தியாவைப்போல் 9 மடங்கு. 1569இல் மெர்கேட்டர் என்ற வரைபடக்காரர் அந்த முறையைக் கடலில் திசை பிடிப்பதற்காக வகுத்தார், அவரைக் குறை சொல்வதற்கில்லை. பள்ளியில் மாட்டியவர்களைச் சொல்லவேண்டும்.

எத்தியோப்பியாவின் எழுத்தைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். ஒவ்வொரு மெய்யும் ஏழு வடிவம் எடுக்கும், நம் க, கா, கி, கீ போலவே. முதன்முறை அந்த அட்டவணையைப் பார்த்தபோது அரிச்சுவடி ஞாபகம் வந்தது.

எனக்குப் பள்ளி நாளில் ஆப்பிரிக்கா என்றதும் தெரிந்த பெயர்கள் மூன்று: காந்தி, தில்லையாடி வள்ளியம்மை, மண்டேலா. வள்ளியம்மை பிறந்ததே ஜோகன்னஸ்பர்க்கில்தான் என்பதுகூட வெகுநாள் கழித்துத் தெரிந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் தரையில் ஒரு பெரிய ஆப்பிரிக்கப் படத்தை விரித்துக்கொள்கிறோம். சென்ற வாரம் காம்பியா. செனகலுக்குள் புழுவைப்போல நுழைந்திருக்கும் நாடு. ஆற்றின் இரு கரைகள் மட்டுமே நாடு, மிக அகலமான இடத்திலும் 50 கிலோமீட்டர் தேறாது. ஆற்றை ஆங்கிலேயர் பிடித்தார்கள், சுற்றியுள்ளதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். கோட்டின் இருபுறமும் மாண்டிங்காவும் வோலோஃபும் பேசுகிற அதே மக்கள், அரசு அலுவலகத்துக்குப் போனால் மட்டும் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் பிரெஞ்சு.

விடைத்தாளைப் பற்றி ஆசிரியரிடம் பேசட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அப்பா, அந்த ஒரு மார்க்கும் போய்விடும்" என்றாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு காம்பியாவுக்கு வண்ணம் தீட்ட உட்கார்ந்தவள், பென்சிலைச் சீவி மூக்கருகே கொண்டுபோனாள். "இது எந்த ஊர் மரம் அப்பா?"